போங்கா, கிளிட்ச்சா?

கோலி குண்டு அடிக்கும்போது முட்டியை லேசாக நகர்த்தினால் போங்கு. கண்ணாமூச்சியில் விரல் சந்து வழியாகப் பார்த்தால் போங்கு. கேரம் போர்டில் எல்லோரும் அசந்த நேரம் காயை ஊதித் தள்ளினால் அது பெரிய போங்கு. 'அழுகுணி ஆட்டம்' என்றும் சொல்வோம். இதற்கெல்லாம் சட்டப் புத்தகம் கிடையாது. நாலு பேர் சேர்ந்து 'போங்கு' என்று கத்தினால் தீர்ப்பு முடிந்தது.

சரி, கம்ப்யூட்டரே விடுகிற ஒன்றை ஒருவர் செய்தால் அது போங்கா?

இந்தக் கேள்வியில் ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீடு கொஞ்ச நாளாகவே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. காரணம், பிளஸ் ஒன் படிக்கும் என் தம்பி. அவனுக்கு சூப்பர் மேரியோ பைத்தியம். அதுவும் சும்மா விளையாடுவதில்லை, ஸ்பீட் ரன்.

ஒரு வீடியோ கேமை எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியும் என்று ஓட்டிப் பார்ப்பதுதான் ஸ்பீட் ரன். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் இதைச் செய்கிறார்கள். முழு ஓட்டத்தையும் வீடியோவாகப் பதிந்து அனுப்பினால், நடுவர்கள் பார்த்துச் சரி என்றால் பட்டியலில் பெயர் ஏறும். பரிசுப் பணமெல்லாம் பெரிதாக இல்லை. பெயர்தான்.

மேரியோவை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஜப்பானில் 1985-ல் வந்தது. நம் ஊருக்கு டி.வி-யில் மாட்டும் நகல் பெட்டிகளில், மஞ்சள் கேசட்டில் வந்து சேர்ந்தது. ஊதி ஊதிச் செருகுவோமே, அதே கேசட். மொத்தம் 32 லெவல். நாங்கள் கோடை விடுமுறை முழுக்க விளையாடியும் எட்டாவது உலகத்தைத் தாண்டியதில்லை. அந்த கேமை 5 நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். 2021 ஏப்ரலில் நிஃப்ட்ஸ்கி என்ற புனைபெயர் கொண்ட ஓட்டக்காரர் முதன்முதலாக 4 நிமிடம் 55 விநாடிக்குள் முடித்தார். அவர் ஜாய்ஸ்டிக்கில் விளையாடவில்லை, சாதாரணக் கீபோர்டில் தட்டினார் என்பது என் தம்பிக்குக் கடவுள் கொடுத்த வரம் மாதிரி. அவனிடம் இருப்பதும் கீபோர்டுதானே. அதுவும் எங்கள் மாமா பொண்ணுக்கு அரசுப் பள்ளியில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப். பேட்டரி செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. வயரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். மேரியோவுக்கு அது போதும்.

32 லெவலை 5 நிமிடத்தில் எப்படி என்று கேட்பீர்கள். 32-ஐயும் யாரும் விளையாடுவதில்லை. 1-2 லெவலில் செங்கல் கூரைக்கு மேலே ஏறி ஓடினால் கடைசியில் ஒரு ரகசிய அறை வரும். அதில் உள்ள பைப்பில் இறங்கினால் நேராக நாலாவது உலகம். 4-2-ல் இன்னொரு ரகசிய அறை, அங்கிருந்து நேராக எட்டாவது உலகம். ஆக எட்டே லெவல்.

இதைப் பார்த்த அன்றே அம்மா முதல் தீர்ப்பை எழுதிவிட்டார். "இருவத்தி நாலு லெவலு ஆடாமயே ஜெயிச்சுட்டானாமா? நல்லாருக்குது கதை!"

ஆனால், இது கிளிட்ச் இல்லை. அந்த அறைகளைக் கட்டி வைத்ததே கேமைச் செய்தவர்கள்தான். தேடிக் கண்டுபிடிப்பவர்களுக்கு அவர்களே வைத்த பரிசு. சண்டை ஆரம்பிப்பது அதற்கு அடுத்த படியில்.

முதல் லெவலின் கடைசியில் கொடிக்கம்பம் வருமே, மேரியோ பிடித்துச் சறுக்கி இறங்குவார், கொடியும் கூடவே இறங்கும். கம்பத்தின் அடிக்கல்லுக்குள் சரியான இடத்தில், சரியான நொடியில் போய்ச் செருகினால் கொடி இறங்காமலேயே லெவல் முடிந்துவிடும். மிச்சமாவது ஒரு விநாடிக்கும் குறைவு. அதற்காகத் தம்பி ஒரு மாதம் உட்கார்ந்தான்.

4-2-ல் நடப்பது இன்னும் வேடிக்கை. ரகசிய அறைக்குப் போக ஒரு கொடி முளைத்து வளர வேண்டும். அதில் ஏறிப் போக வேண்டும். அது வளரும் வரை நிற்கிற நேரம் வீண். ஓட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? திரையில் மேரியோ வழக்கமாக நிற்கும் இடத்தைவிடச் சற்று வலது பக்கம் தள்ளி நிற்கும்படி, கற்களில் வேண்டுமென்றே இடித்து நகர்த்துகிறார்கள். எந்தப் பைப் எங்கே போகும் என்பதை இந்த கேம் திரை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. திரை வந்து சேர்வதற்குள் மேரியோ பைப்பில் இறங்கிவிட்டால், கேமின் நினைவில் இருப்பது பழைய முகவரி. கொடி ஏறிப் போக வேண்டிய அதே ரகசிய அறையில் கொண்டுபோய் விட்டுவிடும். பஸ்ஸில் ஊர்ப் பெயர்ப் பலகையை மாற்றுவதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டால், பழைய பலகையில் இருக்கும் ஊருக்கே வண்டி போவது போல.

இதுதான் கிளிட்ச். செய்தவர்கள் நினைத்தே பார்க்காத ஓட்டை.

அப்பா லாரி டிரைவர். நாமக்கல் வண்டி என்றால் இந்தியாவில் தெரியாத டோல்கேட் கிடையாது. டிரிப் முடிந்து வீட்டில் இருந்த ஒரு நாள் இதையெல்லாம் நிதானமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "போங்கு" என்றார்.

தம்பி விடவில்லை. "நானாப்பா கேமை மாத்துனேன்? அதே கேமு, அதே பட்டனு. கேமு விடுது, நான் போறேன்."

"தொப்பூர்ல நியூட்ரல்ல எறங்கறதுக்கு வண்டியுந்தான் உடுது கண்ணு."

சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவே இருக்கும் தொப்பூர் கணவாய் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வடக்கே இருந்து பாரம் ஏற்றிக்கொண்டு வரும் லாரி அங்கே நீண்ட இறக்கத்தில் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்கச் சிலர் நியூட்ரலில் போட்டு உருட்டி விடுவார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பாதி பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் எல்லா பாரமும் பிரேக்கின் தலையில். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால், முன்னால் போகிற கார்தான் வண்டியை நிறுத்தும். எத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் அங்கே விபத்துச் செய்தி வராத வருஷம் இல்லை. அந்தச் செய்திகளில் சிலவற்றை இந்த டெஸ்க்கில் உட்கார்ந்து நானே டைப் செய்திருக்கிறேன்.

"மேரியோ செத்தா மேரியோ மட்டுந்தான்ப்பா சாவான்" என்றான் தம்பி. அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. எனக்கென்னவோ, ஸ்பீட் ரன் பற்றி நான் படித்த எல்லா விவாதத்தையும்விட அந்த இரண்டு வரி நல்ல விவாதம்.

ஓட்டக்காரர்கள் உலகத்தில் ஒரு கோடு மட்டும் தெளிவு. கேமுக்கு உள்ளேயே இருக்கிற ஓட்டை கிளிட்ச். கேமை வெளியிலிருந்து மாற்றினால் அது சீட்டிங். 2020-ல் மைன்கிராஃப்டில் ட்ரீம் என்ற பிரபல யூடியூபர் ஓட்டிய ஓட்டத்தில், தேவையான பொருட்கள் அவருக்கு மட்டும் அள்ளி அள்ளிக் கிடைத்தன. நடுவர்கள் கணக்குப் போட்டார்கள். அப்படி ஒரு அதிர்ஷ்டம் அமைய 7.5 லட்சம் கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று அறிக்கை கொடுத்து, பட்டியலிலிருந்து தூக்கினார்கள். தன் கேமில் மாற்றப்பட்ட மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது என்று அடுத்த ஆண்டு அவரே ஒப்புக்கொண்டார், தெரியாமல் நடந்தது என்ற விளக்கத்தோடு. இதில் யாருக்கும் குழப்பமில்லை.

குழப்பம், 'செய்தவர்கள் நினைக்காதது எல்லாம் கிளிட்ச்' என்று சொல்லும்போது வருகிறது. செய்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யார் போய்க் கேட்பது? 3-1 லெவலின் படிக்கட்டில் ஆமையை மிதித்துக்கொண்டே இருந்தால் உயிர்கள் ஏறிக்கொண்டே போகும். நம்மில் பலர் செய்திருப்போம். பார்த்தால் ஓட்டை மாதிரி இருக்கும்; ஆனால், தெரிந்தே விட்டதுதான் என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பேராசை கூடாது. 127-க்கு மேல் உயிர் சேர்ந்துவிட்டால் கணக்கு தலைகீழாகி, அடுத்த முறை செத்ததும் 'கேம் ஓவர்'. அதை நிச்சயம் யாரும் நினைத்து வைத்திருக்க மாட்டார்கள்.

1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய வேகமெடுப்பார்கள். அது யாரும் போட்ட திட்டமில்லை. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் மெஷின் தானாக வேகமாக ஓடியது. நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் அடுத்தடுத்து விடும் 'காம்போ' அடியும் அப்படி எதேச்சையாக வந்ததுதான். இன்று காம்போ இல்லாத சண்டை கேமைக் காட்டுங்கள் பார்ப்போம்.

நம்ம அஷ்வினை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில், பந்து போடுவதற்கு முன்பே கிரீஸை விட்டு வெளியே போன ஜாஸ் பட்லரை ஸ்டம்பைத் தட்டி அவுட்டாக்கினார். பாதி உலகம் 'போங்கு' என்று கத்தியது. அப்போதும் விதிப்படி அது அவுட்தான். ஆனால், விதிப் புத்தகத்தில் 'முறையற்ற ஆட்டம்' என்ற தலைப்புக்குக் கீழே இருந்தது. 2022 அக்டோபரிலிருந்து அதைத் தூக்கி 'ரன் அவுட்' என்ற தலைப்புக்குக் கீழே வைத்துவிட்டார்கள். செயல் அதேதான். உட்கார்ந்திருந்த பக்கம்தான் மாறியது. அஷ்வின் கட்சிக்காரி என்பதால் எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

ஸ்பீட் ரன் ஆட்கள் இந்தச் சண்டையைத் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவர்கள் தீர்க்கவே இல்லை, பட்டியலைப் பிரித்துவிட்டார்கள். 'எனி பர்சென்ட்' என்று ஒரு பட்டியல். எப்படியாவது முடி, கிளிட்ச்சும் சரி. 'கிளிட்ச்லெஸ்' என்று ஒரு பட்டியல். அதில் கொடிக்கம்ப வித்தையும் பைப் வித்தையும் கூடாது. 'வார்ப்லெஸ்' என்று இன்னொன்று. அதில் ரகசிய அறையே கூடாது, 32 லெவலும் ஓட வேண்டும். ஒரு பட்டியலில் ஓடியவரை இன்னொரு பட்டியலில் ஓடியவரோடு ஒப்பிட மாட்டார்கள். யாரும் யாரையும் திருடன் என்று சொல்வதில்லை.

தம்பி இதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு மேரியோ மறந்துபோய்விட்டது. பிளஸ் ஒன் ஞாபகம் வந்துவிட்டது.

நான் படித்தது நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் விடுதிப் பள்ளி. 2014 ஜூனில் பிளஸ் ஒன் சேர்ந்தேன். முதல் வாரம் எங்கள் கையில் கொடுத்தது பிளஸ் டூ புத்தகம். பிளஸ் ஒன் புத்தகம் டிரங்குப் பெட்டியின் அடியில் புதுசு மாதிரியே கிடந்தது, அட்டைக்கு மேல் நான் எழுதிய பெயரோடு. காலை 5 மணிக்குப் படிப்பு, இரவு 10 வரை படிப்பு, தினம் ஒரு ஸ்லிப் டெஸ்ட். பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம். நான்கு முறையோ ஐந்து முறையோ திருப்புதல் நடந்தது. புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். வகைக்கெழு என்றால் என்ன என்பது பிளஸ் ஒன் கணிதத்தில் வரும். அதன் பயன்பாடு பிளஸ் டூவில் வரும். நாங்கள் பத்து நாளில் ஒரு ஃபார்முலா தாளை மனப்பாடம் செய்துவிட்டு நேராகப் பயன்பாட்டுக்குப் போனோம். கொடி ஏறவில்லை. பைப்பில் இறங்கிவிட்டோம்.

இது எங்கள் பள்ளி மட்டும் செய்ததில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்றாலே அந்தக் காலத்தில் மாநில ரேங்க். கோழிப்பண்ணை ஊர் என்பதால் 'பிராய்லர் பள்ளி' என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். கேலி செய்துகொண்டே அட்மிஷனுக்கு வரிசையிலும் நிற்பார்கள். அப்பா என்னைச் சேர்க்க சீட்டுப் பணத்தை முன்கூட்டியே தள்ளி எடுத்தார்.

ஓட்டை எங்கே இருந்தது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. 2007-லிருந்து தமிழ்நாட்டில் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் நுழைவுத் தேர்வு கிடையாது. கிராமத்துப் பிள்ளைகளுக்காக எடுத்த நல்ல முடிவு. கட் ஆஃப் முழுக்க பிளஸ் டூ மதிப்பெண்தான். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வும் கிடையாது, அந்த மதிப்பெண்ணை யாரும் கேட்பதும் கிடையாது. அப்படியானால் திரை நகர்வதற்குள் பைப்பில் இறங்குவதுதானே லாபம்? விதியை யாரும் மீறவில்லை. வினாத்தாள் திருடவில்லை, பிட் அடிக்கவில்லை. சிஸ்டம் விட்டது, போனார்கள்.

என் மாமா பொண்ணும் அதே வருஷம் பிளஸ் ஒன். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி. மேலே சொன்னேனே, அந்த லேப்டாப்பின் சொந்தக்காரி. அவளுக்கு இயற்பியல் எடுத்த ஆசிரியை பிளஸ் ஒன் பாடத்தை ஒரு வரி விடாமல் நடத்தினார். பிளஸ் டூவுக்கு அவளுக்குக் கிடைத்தது ஒரே வருஷம். அதிலும் கணித ஆசிரியர் மாற்றலாகிப் போய், இரண்டு மாதம் வகுப்பே இல்லை. நான் கட் ஆஃப் 191. அவள் 171. இருவரும் ஒரே தேர்வு எழுதினோம், ஒரே தரவரிசைப் பட்டியலில் நின்றோம். அவள் வார்ப்லெஸ், நான் எனி பர்சென்ட். பட்டியல் மட்டும் ஒன்று.

அவளுக்குக் கருப்பூரில் இருக்கும் அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர ஆசை. கிடைக்கவில்லை. சேலத்தில் பி.எஸ்சி இயற்பியல் சேர்ந்தாள். எனக்குப் பொறியியல் கிடைத்தது. முதல் செமஸ்டரில் பொறியியல் இயந்திரவியல் வகுப்பில் ஆசிரியர், "திருப்புவிசை உங்களுக்கே தெரியும், பிளஸ் ஒன்ல படிச்சிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். வகுப்பில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாமக்கல் முகங்கள்.

சனி, ஞாயிறில் ஊருக்கு வந்து அவளிடம்தான் படித்தேன். டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் புதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். கதவைக் கீல் பக்கம் தள்ளச் சொல்லி, பிறகு கைப்பிடிப் பக்கம் தள்ளச் சொல்லி, திருப்புவிசையை அரை மணி நேரத்தில் புரியவைத்தாள். முடித்துவிட்டு, "லெவன்த்ல என்னடி பண்ணுனீங்க ஒரு வருஷமா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஓட்டை இருந்தால் அதை அடைக்க 'பேட்ச்' விடுவார்கள் அல்லவா, 2017-ல் அது வந்தது. ரேங்க் அறிவிப்பு நின்றது. 2017-18 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு, 2018-19-லிருந்து பிளஸ் டூ மதிப்பெண் 1200-க்குப் பதில் 600. இரண்டு வருஷ மதிப்பெண்ணும் சேர்ந்து கணக்கில் வரும் என்றார்கள். மறு வருஷமே, உயர்கல்விக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று அதைத் தளர்த்தினார்கள். அதே 2017-ல் நீட் தமிழ்நாட்டுக்குள் வந்தது. அதில் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேள்வி வரும். நீட் சரியா தப்பா என்பது வேறு பெரிய சண்டை, இங்கே அதற்குள் போகவில்லை. ஆனால், டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த பிளஸ் ஒன் புத்தகங்களை அது வெளியே எடுக்க வைத்தது என்று என் ஜூனியர்கள் சொல்கிறார்கள்.

பட்டியலைப் பிரிப்பதும் நடந்தது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியலுக்கும் வந்தது. வேறு வேறு ஓட்டம் ஓடியவர்களை ஒரே பட்டியலில் நிறுத்தக் கூடாது என்று மேரியோ நடுவர்கள் கண்டுகொண்ட அதே விஷயம். மாமா பொண்ணுக்குத்தான் நான்கைந்து வருஷம் தாமதம்.

'பள்ளி செய்தது போங்கா?' என்று தம்பி என்னைக் கேட்டான். கொடிக்கம்ப வித்தையை ஒரு மாதம் உட்கார்ந்து பழகிய அவன் உழைப்பு பொய்யில்லை. காலை 5 மணிக்கு எழுந்த எங்கள் உழைப்பும் பொய்யில்லை. ஆனால், அவன் தாண்டிப்போகும் கொடியை அவனுக்கு ஏற்கெனவே தெரியும். நூறு முறை ஏறிய பிறகுதான் அதை விட்டான். எங்களுக்கு அந்தக் கொடியைக் காட்டவே இல்லை. தாண்டிப்போவது யார் முடிவு என்பதும் முக்கியம். 15 வயதில் என்னிடம் யாரும் கேட்கவில்லை, அப்பாவிடமும் கேட்கவில்லை. ஆகவே என் ஓட்டு, போங்குதான். தம்பி இதை ஏற்கவில்லை. 'அப்ப அது எனி பர்சென்ட், தனி போர்டு போட்டிருக்கணும், அவ்ளோதான்' என்கிறான்.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. 2025-26-லிருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ரத்து. வரிசையாக 10, 11, 12 என்று மூன்று வருஷம் பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்குப் பெரிய பாரம்தான். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. தம்பி வகுப்பில் விசில் பறந்ததாம். பேட்ச்சை எடுத்தால் பழைய ஓட்டை திரும்பத் திறக்காதா என்ற கேள்விக்கு, பள்ளிகளைக் கண்காணித்தால்தான் பதில் கிடைக்கும்.

மாமா பொண்ணு எம்.எஸ்சி, பி.எட் முடித்து இப்போது ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறாள். போன வாரம் போனில் பேசினோம். பொதுத்தேர்வு இல்லை என்று தெரிந்ததிலிருந்து, எந்தப் பாடம் ஆரம்பித்தாலும் பின் பெஞ்சிலிருந்து ஒரு கை தூக்குகிறதாம். "இது டுவெல்த்துக்கு வருமா மிஸ்?"

"என்ன சொல்ற?" என்று கேட்டேன்.

"கதவைத் தொறந்து மூடச் சொல்றேன்" என்றாள். "கிளாஸ்ல ஒரே ஒரு கதவுதான்டி இருக்குது. நாப்பது பேர். ஒரு பீரியட் பத்த மாட்டேங்குது."